நன்னீர் லிம்பெட்: உருவத்தை வைத்து உறவைச் சொல்ல முடியுமா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் பலர், தொட்டியின் சுவரில் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்புநிறப் புள்ளிகள் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பார்கள். விரலால் தள்ளினால் அவை எளிதில் நகர்வதில்லை. ஆனால் காலையில் இருந்த இடத்தில் மாலையில் இருப்பதுமில்லை. தருமபுரிப் பக்கத்து ஏரிகளில் தாமரைத் தண்டையோ, நீரில் ஊறிய இலையையோ எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் இவற்றைப் போன்றவை கண்ணில் படலாம். இவற்றைக் குறித்துச் சொல்லப்படும் செய்திகள் பலவகைப்பட்டவை. மீனின் செதில் என்பார் உண்டு, அட்டைக் குஞ்சு என்பார் உண்டு, வயல் நத்தையின் குட்டி என்பாரும் உண்டு. சற்று விவரம் அறிந்தவர்கள், கடற்கரைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் லிம்பெட் நத்தையின் உறவு என்றும், அது இருந்தால் தண்ணீர் சுத்தமானது என்றும், செடியின் சாற்றை உறிஞ்சிவிடும் என்றும் கூறுவார்கள்.

இவற்றுள் எதுவுமே சரியில்லை. குறிப்பாகக் கடல் லிம்பெட்டின் உறவு என்ற கருத்து, விவரம் அறிந்தவர்களிடமே மிகுதியாகக் காணப்படுவதால், அதை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. மற்றவை போகிற போக்கில் தெளிவாகிவிடும்.

ஓட்டுக்குள் இருப்பது யார்?

நன்னீர் லிம்பெட் என்பது ஏரி, குளம், ஓடை போன்ற உப்பில்லாத நீர்நிலைகளில் வாழும், சுருளில்லாத, தொப்பி வடிவ ஓட்டைக் கொண்ட சிறு நத்தை. இந்தியாவில் பொதுவாகக் காணப்படுபவை ஃபெரிசியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. (பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுப்பு, சிற்றினம் என்பது தமக்குள் ஒன்றாய் அமைந்து, பிறவற்றிலிருந்து தனித்து நிற்கும் உயிர்க்கூட்டம்.) முழுதாக வளர்ந்த ஃபெரிசியாவின் ஓடு பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும். ஓடு மிக மெல்லியது. உயிருள்ள நத்தையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருக்கும் உடலின் கரும்பகுதி நிழலாகத் தெரியும்.

ஒகேனக்கல்லில் சவாரி ஓயும் நேரத்தில் பரிசல்களைக் கரையில் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டின் அமைப்பை விளக்குவது எளிது. கவிழ்த்த பரிசலின் அடிப்பாகம் மேலே கூரையாக நிற்கிறது. விளிம்பு முழுவதும் தரையைத் தொடுகிறது. அதனடியில் ஒருவர் படுத்துக்கொண்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. லிம்பெட்டின் ஓடும் அப்படியே அமைந்தது. கூரையின் கீழே நீள்வட்டமான ஒரு பாதம், அதன் முன்னே தலை, தலையில் இரண்டு குட்டையான உணர்கொம்புகள், அவற்றின் அடியில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். ஆனால் பரிசல் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய் வட்டமாக இருக்க, லிம்பெட்டின் ஓடு நீள்வட்டமாக இருக்கிறது. அதன் உச்சி நடுவில் நிற்காமல் பின்னோக்கியும் ஒரு பக்கமாகவும் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வு சின்ன விஷயமாகத் தோன்றினாலும், அடையாளம் காண்பதன் பெரும்பகுதி இதை நம்பித்தான் இருக்கிறது.

சுருள் தொப்பியாக மாறும் கணக்கு

நத்தையின் ஓடு நம் எலும்பைப் போல எல்லா இடத்திலும் வளர்வதில்லை. மேன்டில் என்னும் சதை மடிப்பு ஓட்டின் வாய் விளிம்பை ஒட்டி இருந்துகொண்டு, விளிம்பில் மட்டுமே புதிய சுண்ணாம்புப் பொருளைச் சேர்க்கிறது. ஆகவே ஓட்டின் உச்சி, அந்த நத்தை முட்டையிலிருந்து வெளிவந்தபோது இருந்த பகுதி. விளிம்பு, நேற்றும் இன்றும் சேர்ந்த பகுதி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்புக்கு இணையாக ஓடும் மெல்லிய வளர்ச்சிக் கோடுகள் தெரியும்.

வளரும்போது விளிம்பு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஓர் அச்சைச் சுற்றித் திரும்பவும் செய்கிறது, அகலவும் செய்கிறது. மெதுவாக அகன்றுகொண்டே பல சுற்றுகள் திரும்பினால், வயல்களில் காணும் நத்தைகளைப் போலச் சுருண்ட ஓடு உருவாகும். வேகமாக அகன்றால் சுற்றுகளின் எண்ணிக்கை குறையும். ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே வாய் மிகப் பெரிதாகிவிடும் அளவுக்கு வேகமாக அகன்றால், சுருள் என்று சொல்ல எதுவுமே மிஞ்சாது. பழைய பகுதி உச்சியில் ஒரு சிறு மேடாக நிற்க, ஓடு முழுவதும் வாயாகவே ஆகிவிடும். அதுவே லிம்பெட். டேவிட் ராப் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், அகலும் வேகம் முதலிய சில அளவுகளை மட்டும் மாற்றி, நத்தை, சிப்பி உள்ளிட்ட பலவகை ஓடுகளின் வடிவங்களைக் கணினி வரைபடமாகவே காட்டினார். இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு: சுருள் நத்தையிலிருந்து தொப்பி நத்தை தோன்றுவதற்குப் புதிய உறுப்பு எதுவும் தேவையில்லை, வளர்ச்சியின் வேக அளவு மாறினால் போதும். அத்தகைய மாற்றம் ஒரே ஒரு முறைதான் நிகழ முடியும் என்று எண்ணக் காரணமே இல்லை.

இந்த வடிவத்தால் நத்தைக்கு என்ன ஆதாயம்? ஓட்டின் பரப்பு முழுமைக்கும் பாதம் விரிவதால் பிடிப்பு வலுவாகிறது. பாறையை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் ஓட்டத்தின் வேகம் மிகக் குறைவு. தாழ்ந்து தட்டையாக இருக்கும் உயிர் அந்த அடுக்கிலேயே தங்கிவிடலாம். மேலே நீர் பாய்ந்தாலும் ஓட்டின் சரிவில் வழுக்கிச் சென்றுவிடும். இழப்பும் உண்டு. சுருள் நத்தை ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வயல் நத்தை கதவு போன்ற மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். லிம்பெட்டுக்கு உள்ளே போக இடமும் இல்லை, மூடியும் இல்லை. அழுத்தி ஒட்டிக்கொள்வது ஒன்றே அதன் தற்காப்பு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: லிம்பெட் என்பது ஒரு வடிவத்தின் பெயர். வாய் மிக வேகமாக அகன்றதால் சுருளை இழந்த ஓடு, அடியில் விரிந்த பாதம், மூடி இல்லாமை ஆகியவை அந்த வடிவத்தின் கூறுகள். ஒரு வடிவத்துக்குப் பல குடும்பங்களிலிருந்து உயிர்கள் வந்து சேரலாம்.

கடல் லிம்பெட் எந்த வகையில் உறவு?

அறிவியல் பெயரிடும் முறைக்கு அடித்தளமிட்ட லின்னேயஸே 1758-இல் ஒரு நன்னீர் லிம்பெட்டைக் கடல் லிம்பெட்டுகளின் பேரினமாகிய பட்டெல்லாவில்தான் சேர்த்தார். கையில் இருந்தது ஓடு மட்டும் என்னும்போது அது இயல்பான முடிவே. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளேயே டென்மார்க்கைச் சேர்ந்த ஓ.எஃப். முல்லர் நன்னீர் லிம்பெட்டுகளுக்கு ஆன்கைலஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்து, 1774-இல் ஐரோப்பிய ஓடைகளில் வாழும் இனத்தை விவரித்தார். அறிவியலில் பிரிந்துபோன இந்த இரண்டும் பேச்சு வழக்கில் இன்றுவரை பிரியவில்லை.

உடலுக்குள் பார்த்தால் இரண்டும் வெகுதூரம் விலகியவை. கடல் லிம்பெட்டுகள் நத்தைகளின் வமிசத்தில் மிகப் பழங்காலத்திலேயே கிளைத்துப் பிரிந்த கூட்டம். பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் கடல்நீரில் வெளியிடும்; அவற்றின் இளம்பருவம் நீரில் மிதந்து திரியும். பாறையைச் சுரண்டும் அவற்றின் பற்களில் இரும்புத் தாது கலந்திருக்கும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, உயிரினங்கள் உருவாக்கும் பொருள்களில் அதுவரை அளந்தவற்றுள் மிக வலிமையானது இந்தப் பல்லே என்று காட்டியது.

ஃபெரிசியா போன்ற நன்னீர் லிம்பெட்டுகளின் கதை வேறு. இவை நுரையீரல் நத்தைகளின் வழிவந்தவை. அதாவது காற்றைச் சுவாசித்த முன்னோரின் வாரிசுகள். குளத்தில் சில நத்தைகள் அடிக்கடி மேற்பரப்புக்கு வந்து காற்றெடுத்துச் செல்வதைக் காணலாம். லிம்பெட் அப்படி வருவதில்லை. அதன் நுரையீரல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, உடலின் இடப்பக்கம் போலிச் செவுள் எனப்படும் சிறு சதை மடல் ஒன்று வளர்ந்திருக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அந்த மடலின் வழியாகவும் தோலின் வழியாகவும் பெற்றுக்கொள்கிறது. உடல் இவ்வளவு சிறிதாக இருப்பது இதற்கு வசதி; சிறிய உடலுக்கு அதன் பருமனோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம். ஒவ்வொரு விலங்கும் ஆணும் பெண்ணுமாக இருப்பதோடு, ஃபெரிசியாவில் தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்வதும் உண்டு. முட்டைகளைச் சிறு உறைகளில் வைத்து இலையிலோ கல்லிலோ ஒட்டிவைக்கும். ஓர் உறைக்குள் பெரும்பாலும் ஒன்றிரண்டு முட்டைகளே இருக்கும். மிதந்து திரியும் இளம்பருவம் கிடையாது. உறையை விட்டு வெளிவருவது தொப்பி ஓட்டோடு கூடிய குட்டி லிம்பெட்டே.

இன்றைய வகைப்பாட்டில் ஃபெரிசியாவின் இடம் இது: மெல்லுடலிகள் என்ற தொகுதி, வயிற்றுக்காலிகள் என்ற வகுப்பு, பிளானார்பிடே என்ற குடும்பம், அதனுள் ஆன்கைலினே என்ற துணைக்குடும்பம். முன்பு இவற்றை ஆன்கைலிடே என்று தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்த பிறகு, இவை பிளானார்பிடே குடும்பத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை என்பது தெளிவானது. அந்தக் குடும்பத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள், தட்டையாகச் சுருட்டிய கயிறு போன்ற ஓட்டைக் கொண்ட குளத்து நத்தைகள். எனவே மீன் தொட்டியில் லிம்பெட்டுக்குப் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டிருக்கும் தட்டைச் சுருள் நத்தை, தோற்றத்தில் சற்றும் ஒவ்வாவிட்டாலும், அதற்கு நெருங்கிய உறவு. ராமேசுவரத்துப் பாறையில் ஒட்டியிருக்கும் கடல் லிம்பெட், தோற்றத்தில் அச்சாக அப்படியே இருந்தாலும், தூரத்து உறவு.

நன்னீரிலேயே இந்த வடிவம் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வாழும் அக்ரோலோக்சஸ் தனிக் குடும்பம். மேற்கு அமெரிக்க ஆறுகளில் உள்ள லான்க்ஸ், லிம்னேயிடே என்ற வேறொரு நத்தைக் குடும்பத்திலிருந்து வந்தது. வெப்பமண்டலக் கரையோரச் சிற்றாறுகளில் காணப்படும் செப்டாரியா, நெரைட் நத்தைகளின் குடும்பம். அதன் இளம்பருவம் கடலுக்குச் சென்று திரும்ப வேண்டியிருப்பதால், அணைகளுக்குப் பின்னால் வெகுதூரம் உள்ளே இருக்கும் நம் மாவட்டங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. இப்படி வெவ்வேறு வமிசங்கள் ஒரே மாதிரியான வாழ்க்கைக்கு ஏற்ப ஒரே மாதிரியான வடிவத்தை அடைவதைக் குவி பரிணாமம் என்பர்.

உச்சி எந்தப் பக்கம் சாய்கிறது?

வடிவம் ஏமாற்றும் என்றால், எதை வைத்துத்தான் அடையாளம் காண்பது? நத்தைகளுக்கு இடம், வலம் என்ற பேதம் உண்டு. ஒரு சுருள் நத்தையின் ஓட்டை நுனி மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், பெரும்பாலான நத்தைகளில் வாய் வலப்பக்கம் இருக்கும், அவை வலஞ்சுழி. வாய் இடப்பக்கம் இருந்தால் இடஞ்சுழி. பிளானார்பிடே குடும்பத்தினர் இடஞ்சுழி உடலமைப்புக் கொண்டவர்கள். ஃபெரிசியா சுருளை இழந்துவிட்டாலும் இந்தக் குடும்ப அமைப்பை இழக்கவில்லை: கழிவுத் துளையும் போலிச் செவுளும் இன்றும் இடப்பக்கமே உள்ளன, ஓட்டின் உச்சி அதற்கு எதிராக வலப்பக்கம் சாய்கிறது. அக்ரோலோக்சஸில் எல்லாம் தலைகீழ்: உறுப்புகள் வலப்பக்கம், உச்சி இடப்பக்கம்.

இதைப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும், நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டும் போதும். லிம்பெட் ஒட்டியிருக்கும் இலைத்துண்டை வெட்டித் தட்டில் இட்டுவிட்டு அசைக்காமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நகத்தால் நெம்பினால் ஓடு நொறுங்கிவிடும். சிறிது நேரத்தில் ஓட்டின் ஒரு முனையில், விளிம்புக்கு வெளியே இரண்டு வெள்ளை உணர்கொம்புகள் நீளும்; அதுவே முன்பக்கம். அந்த முனையை மேல்நோக்கி வைத்து, நேர்மேலிருந்து பார்க்க வேண்டும். உச்சி பின்பாதியில், நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் விலகி, மழுங்கிய குமிழாகத் தெரிந்தால் ஃபெரிசியா என்ற திசையில் பாதி வழி வந்துவிட்டோம். மீதிப் பாதி அந்தக் குமிழிலேயே இருக்கிறது: பிறந்தபோது இருந்த ஓடாகிய அதன்மேல், மையத்திலிருந்து நாற்புறமும் விரியும் மிக நுண்ணிய கோடுகள் இருக்கும். கைலென்ஸில் இவை தெரிவது கடினம். கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கியில், பக்கவாட்டில் விளக்கை வைத்தால் தெரியும். பாசி படிந்திருந்தால் மென்தூரிகையால் துடைத்தபின் பார்க்க வேண்டும்.

கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சுவரில் ஒட்டியிருப்பதை வெளிப்பக்கமிருந்து பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் தெரியும். பாதத்துக்கு முன்னே வாய் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ராடுலா வெளியே வந்து கண்ணாடியை நக்கிச் செல்லும். ராடுலா என்பது நுண்பற்கள் வரிசையாகப் பதிந்த நாடா போன்ற உறுப்பு. அது சுரண்டுவது கண்ணாடியில் படிந்த நுண்பாசியும் பாக்டீரியாப் படலமும்தான். இலையில் ஊர்ந்தாலும் இதே வேலைதான் நடக்கிறது. செடியில் குத்திச் சாறு உறிஞ்சுவதற்கான உறுப்பு எதுவும் அதற்கு இல்லை.

குழப்பம் தரும் பிற உயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயல் நத்தையின் குட்டி முட்டையிலிருந்து வரும்போதே சுருளோடும் மூடியோடும் வரும். தட்டையான சிறு அட்டைகள் ஓடில்லாமல் மென்மையாக இருக்கும், தொட்டால் சுருளும். வேகமாக ஓடும் ஓடைகளின் கற்களில், காசு போல வட்டமாகத் தட்டையாக ஒட்டியிருக்கும் ஒருவகை வண்டின் இளம்புழுக்கள் லிம்பெட் போலவே தோன்றும். கவிழ்த்தால் ஆறு கால்கள் தெரிந்துவிடும்.

பேரினம் வரை சொல்லலாம், சிற்றினம்?

இந்தியப் பட்டியல்களில் ஃபெரிசியா வெருக்கா, ஃபெரிசியா டெனுயிஸ் என்ற பெயர்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. முதலாவதை 1855-இல் பென்சனும், இரண்டாவதை 1862-இல் பூர்கின்யாவும் விவரித்தார்கள். இரண்டும் ஓட்டின் வடிவத்தை முதன்மையாகக் கொண்டு வைத்த பெயர்கள். சிக்கல் என்னவென்றால், ஃபெரிசியாவின் ஓடு வாழும் இடத்துக்கு ஏற்ப மாறக்கூடியது. குறுகிய தண்டில் வளர்ந்தது ஒடுங்கி நீண்டிருக்கும். அகன்ற இலையில் வளர்ந்தது அகன்றிருக்கும்.

இதைவிட வியப்பான மாற்றம் ஒன்றும் உண்டு. நீர் வற்றுதல் போன்ற கெட்ட காலம் வரும்போது சில ஃபெரிசியாக்கள் ஓட்டின் வாயின் குறுக்கே ஒரு தட்டுத் தளத்தைக் கட்டி, சிறு திறப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே ஒடுங்கிவிடுகின்றன. கூரையை மட்டுமே நம்பியிருந்த வீட்டுக்கு அப்போதுதான் தரையும் வருகிறது. நல்ல காலம் திரும்பியதும் விளிம்பு மீண்டும் வளர்ந்து, சிறிய ஓடு ஒன்று பெரிய ஓட்டின் முதுகில் ஏறி அமர்ந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. இந்தத் தோற்றமுள்ள ஓடுகளை வேறு பேரினமாகிய குண்ட்லாக்கியாவைச் சேர்ந்தவை என்று முற்காலத்தில் எழுதிவைத்தவர்கள் உண்டு. ஒரே விலங்கு, ஒரு கோடையைக் கடந்ததனாலேயே வேறு பேரினமாகப் பதிவாகிவிட்டது.

ஐரோப்பாவில் நடந்தது இதற்கு இன்னொரு சான்று. அங்கே உள்ளூர் இனம் என்று கருதி வேறு பெயர்களில் அழைக்கப்பட்டுவந்த ஃபெரிசியா, உண்மையில் வட அமெரிக்காவைச் சேர்ந்த ஃபெரிசியா ஃபிராஜிலிஸ் என்பதை 2006-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு உறுதிசெய்தது, கிழக்கு ஆசியாவிலும் அது புகுந்திருப்பதை அதே ஆய்வு காட்டியது. நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகக்கூடிய, தனியாக வந்தாலும் பெருகக்கூடிய உயிருக்கு இது பெரிய காரியமில்லை. ஆகவே கடையில் வாங்கிய செடியோடு தொட்டிக்குள் வந்த லிம்பெட்டை, இந்தியப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு பெயரால் அழைப்பது என் கருத்தில் சரியல்ல. ‘ஃபெரிசியா பேரினம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே முறை. டி.என்.ஏ. பார்த்தவர்கள் மட்டும் அதற்கு மேலே போகலாம்.

சுருக்கமாக: உச்சியின் சாய்வும் அதன் நுண்கோடுகளும் பேரினம் வரை அழைத்துச் செல்லும், ஓட்டின் நீள அகலம் சிற்றினத்தைச் சொல்வதற்குப் போதாது.

எங்கே தேடலாம்?

லிம்பெட் குறித்து இணையத்தில் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி, ஐரோப்பாவின் ஆன்கைலஸ் ஃபுளூவியாட்டிலிஸ் என்ற இனத்தைப் பற்றியது. அது குளிர்ந்த, வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த ஓடைகளின் கற்களில் வாழ்வது. (பனியுகம் முடிந்தபின் பால்டிக் கடல் சில காலம் நன்னீர் ஏரியாக இருந்தது. அந்த ஏரியின் படிவுகளில் இந்த நத்தையின் ஓடுகள் கிடைத்ததால், அதற்கு ஆன்கைலஸ் ஏரி என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.) லிம்பெட் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்ற எண்ணம் அங்கிருந்து இங்கே வந்ததாகத்தான் தோன்றுகிறது. ஃபெரிசியாவுக்கு அது பொருந்தாது. தேங்கிய நீரையும் மெல்ல ஓடும் நீரையும் விரும்புவது அது. வெதுவெதுப்பையும், அழுகும் இலைகளால் ஓரளவு வளம் மிகுந்த நீரையும் தாங்கிக்கொள்வது. தென்பெண்ணையில் நுரை பொங்கிவரும் காலத்தில், கரையோரச் செடியில் ஒரு லிம்பெட்டைக் கண்டுவிட்டு ஆறு நலமாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

நம் பகுதியில் தேட விரும்புபவர்கள், ஒகேனக்கல்லில் நீர் ஆர்ப்பரித்து விழும் பாறைகளில் தொடங்குவதைவிட, காவிரியின் ஓரத்தில் ஓட்டம் அடங்கித் தேங்கும் மடுக்களில் கிடக்கும் இலைகளையும் குச்சிகளையும் புரட்டிப் பார்ப்பது பயன்தரும். வெள்ளக் காலத்தில் அங்கே இறங்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி அணை, பஞ்சப்பள்ளி அணை, வாணியாறு அணை போன்ற நீர்நிலைகளின் ஆழமில்லாத விளிம்புகள் ஏற்றவை. பார்க்க வேண்டியவை: தாமரை, அல்லி இலைகளின் அடிப்பக்கமும் தண்டும், ஆகாயத்தாமரையின் நீருள் இருக்கும் பகுதிகள், நீரில் நாட்பட ஊறிய பெரிய இலைகள், வழவழப்பான கற்களின் அடிப்பக்கம், வருத்தத்துக்குரியதே என்றாலும், கரையொதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களும் பைகளும். மண்ணிலும் மணலிலும் தேடுவது வீண். பாதம் பதிய வழவழப்பான, கெட்டியான பரப்பு வேண்டும். வண்டல் மூடிய இடத்தில் சுரண்டித் தின்ன எதுவும் கிடைப்பதில்லை.

நீரில் கால்சியம் இருப்பதும் அவசியம், ஏனெனில் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இந்த மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இதற்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விட்டுச் செல்லும் ‘உப்புத் தண்ணி’யை ஊற்றி நிரப்பிய தொட்டியில், ஓடு கட்டத் தேவையானது தானாகவே வந்துவிடுகிறது.

கோடையில் முற்றிலும் வற்றிப்போகும் ஏரிக்கு மழைக்குப் பின் இவை எப்படி வந்து சேர்கின்றன? தளம் கட்டி ஒடுங்கும் திறன் ஒரு விடை. ஈரம் தங்கிய குட்டைகளிலும் கிணறுகளிலும் எஞ்சியவை மீண்டும் பரவுவது இன்னொன்று. நீர்ப்பறவைகளும் நீர்ப்பூச்சிகளும் சுமந்து வருவது மூன்றாவது. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், ஆன்கைலஸ் ஒன்று உடலில் இறுக ஒட்டியிருந்த நிலையில் நீர்வண்டு ஒன்று பிடிபட்டதாகப் புவியியலாளர் லயல் தமக்குத் தெரிவித்த செய்தியைக் குறிப்பிட்டிருக்கிறார். நீர்வண்டுகள் இரவில் பறந்து குளம் மாறுபவை. முதுகில் ஏறிய ஒரே ஒரு லிம்பெட், துணையில்லாமலே முட்டையிடவும் வல்லது என்பதால், புதிய குளத்தில் குடியேற்றம் தொடங்கிவிடுகிறது.

நோய் பரப்புமா?

இந்த அச்சத்துக்கு ஓர் உண்மையான அடிப்படை இருப்பதால், அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. நத்தைகளுள் சில, சிஸ்டோசோமா என்னும் இரத்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியில் இடைநிலை ஓம்புயிராக இருக்கின்றன. அதாவது புழுவின் இளம்பருவம் வளர இடம் கொடுக்கின்றன. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற ஊரில், 1950-களில் மனிதரிடம் இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டபோது, அங்கே ஃபெரிசியா டெனுயிஸ் அந்த இடைநிலை ஓம்புயிர் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

ஆனால் நத்தை தன்னளவில் நோயை உண்டாக்குவதில்லை. தொற்றுள்ளவரின் சிறுநீரோ மலமோ வழியாகப் புழுவின் முட்டை நீரில் சேர வேண்டும். முட்டையிலிருந்து வரும் உயிர், தனக்கு ஏற்ற நத்தைக்குள் நுழைந்து பெருக வேண்டும். பிறகு அங்கிருந்து வெளிவருவது மனிதத் தோலைத் துளைக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இல்லை. ஏரியில் இறங்கித் தேடுபவர்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது எப்படியும் நல்ல பழக்கம்.

தொட்டியில் பெருகிவிட்டால்

லிம்பெட் பெருகுவதற்கு உணவு வேண்டும். தொட்டியில் அந்த உணவு, மீன்கள் தின்னாமல் விட்ட தீவனத்தை உரமாகக் கொண்டு வளரும் பாசிப் படலமே. தீவனத்தைக் குறைத்து, விளக்கெரியும் நேரத்தைக் குறைத்து, கண்ணாடியை வாரம் ஒருமுறை வழித்துவிட்டால் எண்ணிக்கை தானாகவே இறங்கும். நத்தைகளைக் கொல்லக் கடையில் விற்கும் மருந்துகளுள் தாமிரம் கலந்தவை உண்டு. தாமிரம் லிம்பெட்டை மட்டும் தேடிக் கொல்வதில்லை. அதே தொட்டியில் இருக்கும் இறாலையும் பிற நத்தைகளையும் சேர்த்தே கொல்லும், சரளையிலும் தங்கிவிடும். புதிய செடி வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தை லென்ஸால் பார்த்து, உறை முட்டைகளைத் துடைத்தெடுத்த பிறகு நடுவது இதைவிட எளிது. தொட்டியைக் காலி செய்யும் நாளில், பழைய நீரையும் செடிகளையும் பக்கத்து ஏரியில் கொட்டாமல் தோட்டத்து மண்ணில் ஊற்றிவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெரிசியா உங்கள் தொட்டியில் இருந்தால், அது பாரூர் ஏரிக்குப் போய்ச் சேர அந்த ஒரு வாளித் தண்ணீரே போதும்.